பட்டமும் பழக்கமும்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே புதிய சின்னத்துரை ஒருவர் வந்திறங்கினால், அவரைப் பற்றிய தீர்ப்பு முதல் வாரத்திலேயே பிரட்டுக் களத்தில் முடிவாகிவிடும். அவர் விவசாயம் படித்துப் பட்டம் பெற்றவர். மண்ணின் புளிப்பை எண்ணிலே சொல்லக் கூடியவர். ஆயினும் எந்த மலையில் எந்த நாளில் கொழுந்து திரண்டு நிற்கும் என்பதை, முப்பது வருடம் அம்மலையை ஏறி இறங்கிய கங்காணியே அறிவார்.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். தென்மேற்குப் பருவமழையின்போது அட்டன் பக்கத்தில் கொழுந்து நனைந்தே வரும். வாட்டுவதற்கு வழக்கமான நேரம் போதாது. தை மாதத்து வறண்ட காற்றிலோ அது விரைந்து வாடிவிடும். டீமேக்கர் ஒரு பிடி இலையை எடுத்து இறுக்கிப் பார்க்கிறார். கையைத் திறந்ததும் அது உருண்டையாகவே நின்றால் பதம் வந்துவிட்டது. உருட்டிய இலை செம்பு நிறம் கொள்ளும்போது எழும் மணத்தை மூக்கினால் அறிந்தே அடுப்புக்கு அனுப்புகிறார். அவரைப் புறந்தள்ளிக் கடிகாரத்தை மட்டும் நம்பும் இளைஞர் ஒரு நாளைக் கொழுந்து முழுவதையும் பாழாக்கிவிடக் கூடும். அது பெண்கள் பனியிலும் மழையிலும் நின்று பறித்த கொழுந்து.

அப்படியானால் பழக்கம் ஒன்றே போதுமா? மலைநாட்டின் வரலாறு அவ்வாறு சொல்ல விடவில்லை.

தேயிலைக்கு முன் இம்மலைகளை ஆண்டது கோப்பி. 1869 இல் அதன் இலைகளில் செம்மஞ்சள் தூள் படியத் தொடங்கியது. பல்லாண்டு அனுபவம் பெற்ற துரைமார்கள் மண் களைத்துவிட்டது என்றனர்; மழையின் குற்றம் என்றனர்; எருவிட்டால் தேறும் என்றனர். 1879 இல் கேம்பிரிட்ஜில் தேறிய மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர், மறு வருடம் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பிச் செடிகளிடையே தொங்கவிட்டுக் காற்றிலே வருவதைப் பிடித்துப் பார்த்தார். பூஞ்சணத்தின் நுண்வித்துக்கள் காற்றிலே பரவி, இலையின் நுண்துளை வழியே உட்புகுகின்றன என்று காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்றும் சொன்னார்.

துரைமார்கள் கேட்டதோ மருந்து. அவரிடம் நோயை ஒழிக்கும் மருந்து இருக்கவில்லை; அதை அவர் மறைக்கவுமில்லை. படிப்பின் கர்வம் மிக்கவராயின், ஏதேனும் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லித் தப்பியிருக்கலாம். 1882 இல் அவர் சென்றபோது துரைமார்களுக்கு மனக்குறையே மிஞ்சியது. சில வருடங்களில் கோப்பி வீழ்ந்தது. வேலையிழந்த தொழிலாளர் பலர் கடல் கடந்து ஊர் திரும்பினர்.

அவ்வீழ்ச்சியில் மலைநாட்டைத் தாங்கிய பயிரை முன்னரே வளர்த்து வைத்திருந்தவர் ஜேம்ஸ் டெயிலர். இவர் பட்டம் பெற்றவரல்லர். 1852 இல் பதினாறு வயதிலேயே ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர். 1867 இல் லூல்கந்துராத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பங்களா விறாந்தையே தொழிற்சாலை. மேசைமேல் இலையைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பிலே காய்ச்சினர். அதற்குள் பதினைந்து வருடம் கோப்பித் தோட்டம் நடத்தியவர் அவர். அப்படியிருந்தும், இந்தியாவில் தேயிலை செய்து பழகிய ஒருவர் அவ்வழி வந்தபோது, இலையை வாட்டுவதும் உருட்டுவதும் எப்படி என்று மாணவனைப் போல் கேட்டுக் கற்றுக்கொண்டார்.