மனம் மீள அவகாசம் கொடுப்போம்



தற்கொலைக்கு முனைந்தவனைக் கோழையென்று பழிக்கிறோம். கண்டியை அடுத்த பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நஞ்சருந்தியோரை ஆராய்ந்தவர்கள் வேறோர் உண்மையைக் கண்டனர். பலர் நெடுநேரம் எண்ணித் துணிந்தவரல்லர். கணநேரச் சினத்திற்கும் துயருக்கும் இரையானவர்கள்.

1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, இருபதாண்டுகளில் அது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. மக்களின் மனவுறுதியா திடீரென வளர்ந்தது? இல்லை, கொடிய நஞ்சு கைக்கெட்டாமையால் பலர் பிழைத்தனர்.

ஆதலால், அந்நஞ்சுகள் மீண்டும் சந்தைக்கு வர இடங்கொடாதீர்கள். கலங்கியவனுக்கு உபதேசம் வேண்டாம், அருகிருந்து கேளுங்கள், 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். தளர்ந்த மனவுறுதி மீள்வதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுப்பது நம் கடமை.