உரம் பயிருக்கா, கிணற்றுக்கா?



நம்ம பெரம்பலூர் பக்கம் மழை இருட்டினாலே மக்காச்சோளக் காட்டுக்கு யூரியா மூட்டையைத் தூக்கிட்டு ஓடுறோம். 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கு. பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட் என்ற உப்பாகி, மழைத் தண்ணியோடு கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணியில் புட்டிப்பால் கலக்கினால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து. காய்ச்சினாலும் போகாது.

தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், 25-ஆம் நாள் அரைப் பங்கு, 45-ஆம் நாள் மீதி கால் பங்கு போடுங்க. கனமழைக்கு முன்னால் வேண்டாம். மக்கிய தொழுஉரம் போட்டால் யூரியாவைக் குறைக்கலாம். குப்பைக்குழி கிணற்றை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாட்டில் கிணற்றுத் தண்ணி கொண்டு வாங்க, பரிசோதனைக்கு அனுப்புவோம்.