யாருடைய அறியாமை?



சேரிக்காரர்களுக்கு ஊசியென்றால் பயம், அறியாமை என்கிறார்கள். கோவைப் பக்கம் எங்கள் வளவில் ஓர் அக்காவைக் கேட்டேன். "ஊசி போட்டா புள்ளைக்கு ரெண்டு நாளு காய்ச்சலு. நானு வேலைக்குப் போகாட்டிக் கூலி யாரு தம்பி குடுப்பா?" என்றார். இதுவா அறியாமை?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்குள் வந்து ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் 2005-06ல் 80.9 விழுக்காடு, 2015-16ல் 69.7. பயத்தோடு தூரமும் கூலியும் சேர்ந்துகொள்ளாதா? 2019-21ல் அது 89.2 ஆனது. மிச்சப் பிள்ளைகள் எந்தத் தெருவில் என்று கேளுங்கள்.

தட்டம்மை சத்தில்லாத பிள்ளையைத்தான் அதிகம் கொல்லும். ஆகவே ஊசி வேண்டாமென்பது நம் அரசியலல்ல. ஊசி வளவுக்கே வரட்டும். காய்ச்சல் வந்தால் என்ன செய்வதென்று மரியாதையாகச் சொல்லட்டும்.