பாழ்கோட்டையும் ஒரு பாடலும்



யப்பானின் கியூசு தீவிலே, ஒயிட்டா மாவட்டத்துத் தக்கேதா என்னும் சிற்றூரருகே, கடல் மட்டத்திலிருந்து 325 மீற்றர் உயரத்தில் ஓக்கா கோட்டை அமைந்துள்ளது. கோட்டை என்று சொன்னாலும் இன்று அக்குன்றின்மேல் எஞ்சி நிற்பவை கல்மதில்களே.

தமையனின் பகைக்கு ஆளான யொசித்சுனே என்னும் வீரனை வரவேற்க 1185இல் இது கட்டப்பட்டதென்பது செவிவழிக் கதை. வரலாறு தருவது வேறொரு செய்தி. 1586இல் தெற்கிலிருந்து திரண்டுவந்த சிமாசு குலத்தாரின் பெரும்படையை, சிகா சிக்கத்சுகு என்னும் இளந்தலைவன் இங்கிருந்தே தடுத்து நிறுத்தினான். இருபுறமும் ஆறுகளும் செங்குத்தான பாறைகளும் அவனுக்கு அரணாயின. 1594இல் வந்த நக்ககாவா குலத்தார் கோட்டையை விரிவாக்கி, 1871 வரை அங்கிருந்து ஆண்டனர்.

படையால் வீழாத கோட்டை ஓர் ஆணையால் வீழ்ந்தது. பழைய கோட்டைகளை ஒழிக்குமாறு மெய்ஜி அரசு 1873இல் கட்டளையிட்டது. அடுத்த ஆண்டிலேயே ஓக்காவின் கட்டடங்கள் அகற்றப்பட்டன.

அந்த வெறும் மதில்களிடையே பின்னர் உலாவிய பள்ளிச் சிறுவன் தக்கி ரென்தாரோ. அவரே 1901இல், பாழ்கோட்டையின் மேல் எழும் நிலவைப் பற்றிய பாடலொன்றுக்கு இசையமைத்தார். இடைநிலைப் பாடசாலைகளுக்கான பாடல் நூலில் அது வெளியாயிற்று. இரண்டே ஆண்டுகளில், தமது 23ஆம் வயதில், காசநோயால் அவர் மறைந்தார்.

பாடலை இயற்றியவர் தொய் பன்சுயி. வடக்கே செந்தாய் நகரில் பிறந்தவர். தம்மூர் ஆஓபா கோட்டையும், 1868ஆம் ஆண்டுப் போரில் முற்றுகையிடப்பட்ட ஐசுக் கோட்டையுமே அவர் மனத்தில் இருந்தன என்பர். இசையமைத்தவர் நினைவிலோ ஓக்கா இருந்தது என்பர். அப்படியானால் பாடல் எந்தக் கோட்டைக்கு உரியது?

கவிதையைப் படித்ததும் இடம் எது, காலம் எது என்று கேட்கவே நான் மாணவரைப் பழக்குகிறேன். அந்தக் கேள்விக்கு இப்பாடலில் விடையில்லை. எந்தக் கோட்டையின் பெயரும் அதில் இடம்பெறவில்லை. பெயரிட்டிருந்தால் அது ஓரூரின் புலம்பலாகவே முடிந்திருக்கும். பெயரிடாமையால், கோட்டையிழந்த ஒவ்வோரூராரும் அதைத் தமதாக்கிப் பாட முடிந்தது.

இன்று ஓக்காவின் மதில்களிடையே தக்கியின் சிலை அமர்ந்திருக்கிறது. அதை வடித்தவர், அவ்வூர்ப் பள்ளியில் அவருக்கு இளையவராகப் பயின்ற சிற்பி அசக்குரா புமியோ. கோட்டையை ஆண்ட குலத்தாரை அறியாதவரும் அப்பாடலை நாடியே அக்குன்றேறுகின்றனர். ஆண்டவர் காத்த கோட்டை மறைந்தது. பாடியவர் காத்தது நிலைத்திருக்கிறது.