காலில் ஏறும் புழுவும் கையில் போடும் ஊசியும்

(திருச்சி காந்தி மார்க்கெட் அருகில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மூட்டை சுமக்கும் தோழர்களும், விடியுமுன் கிராமங்களிலிருந்து காய்கறி கொண்டு வரும் தோழர்களும் இங்கு நிறையக் கூடியிருப்பதால், வயிற்றுப் புழுவைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லலாம் என்று கருதுகிறோம். இதெல்லாம் ஒரு பேச்சா என்று சிரிக்க வேண்டாம். இது நம் பிள்ளைகளின் இரத்தத்தைப் பற்றிய பேச்சு.

பிள்ளை வெளுத்துச் சோர்ந்து போனால் கண்ணேறு என்கிறோம், மந்திரிக்கிறோம், கயிறு கட்டுகிறோம். பல வீடுகளில் உண்மைக் காரணம் கொக்கிப் புழு. மலம் கலந்த ஈர மண்ணை வெறுங்காலால் மிதித்தால், அதிலுள்ள இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, அங்கே கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது.

புழுவுக்கு ஜாதி தெரியாது. ஆனால் ஒரு கூட்டத்தார் மேல்ஜாதித் தெருவில் செருப்புப் போடக் கூடாதென்று விதித்தது யார்? சேற்றில் பாடுபடுகிறவனுக்குக் கக்கூசும் வேண்டாம், செருப்பும் வேண்டாம் என்று வைத்தது யார்? புழுவுக்கு வழிகாட்டியது ஜாதி முறையே தவிர தலையெழுத்தல்ல.

மருந்து இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். புழு செத்துப் போகும். ஆனால் அதே மண்ணை மிதித்தால் மறுபடியும் வரும். பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் பெரியவர் வயிற்றில் புழு தங்கி மண்ணைக் கெடுக்கிறது. ஆகவே வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் 2018 முதல் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் தேர்ந்தெடுத்த ஊர்களில் சிறியவர் பெரியவர் எல்லோருக்குமே ஆண்டுக்கு இருமுறை மாத்திரை கொடுத்துச் சோதித்தார்கள்.

இதனால்தான் தடுப்பூசி வேண்டுமென்கிறோம். ஆத்தாள் என்று கும்பிட்ட பெரியம்மையை ஊசி ஒழித்ததென்று 1980இல் உலகத்துக்கே அறிவித்தார்கள். அப்படியானால் புழுவுக்கு ஏன் ஊசி வரவில்லை? பெரியம்மை ஒரு தரம் வந்து பிழைத்தவனுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. உடம்பே பாடம் கற்றுக்கொள்ளும். புழுவோ பத்துத் தரம் வந்தாலும் பதினோராந் தரமும் வரும். உடம்பு தானாகக் கல்லாததை ஊசியால் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பீட்டர் ஹோட்டஸ் முதலிய அறிஞர்கள் ஒரு தந்திரம் கண்டார்கள். குடித்த இரத்தத்தைச் செரிக்கப் புழுவுக்குச் சில பொருள்கள் வேண்டும். அவற்றை எதிர்க்கும் சக்தியை ஊசியால் நம் இரத்தத்தில் உண்டாக்கினால், புழு குடிக்கும் இரத்தமே அதற்கு எமனாகும்! முன்னே பிரேசிலில் சோதித்த வேறொரு ஊசியால், ஏற்கெனவே புழு கண்டவர்களுக்கு உடம்பெல்லாம் தடித்தது. உடனே நிறுத்தினார்கள், வேறு வழி தேடினார்கள். தப்பை ஒப்புக்கொண்டு திருத்துவதே விஞ்ஞானம். எந்த மந்திரவாதி அப்படிச் செய்தான்?

நாய்க்குக் கொக்கிப் புழு ஊசி 1973இலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, பின்பு நின்றது. மனிதனுக்கோ எந்தக் குடற்புழுவுக்கும் கடைக்கு வந்த ஊசி இன்றுவரை இல்லை. ஏழையின் நோயில் இலாபமில்லை என்பது முக்கியமான காரணம். ஆகவே சர்க்காரே பணம் போட வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும்.

ஊசி வரும் வரை சும்மா இருக்கலாகாது. செருப்புப் போடுங்கள், கக்கூசு கேளுங்கள், மாத்திரை கொடுங்கள். கயிற்றை அறுத்தெறியுங்கள். இவ்வளவே நாம் சொல்ல வந்தது.