ஆங்கிலப் பயிற்சி முகாமும் குழந்தைகளின் நட்பும்

(எண்ணூரில் நடைபெற்ற முகாம் தொண்டர் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் எண்ணூர் வட்டாரப் பிள்ளைகளுக்காக நம் கழகம் நடத்தவிருக்கும் ஆங்கிலப் பயிற்சி முகாமைக் குறித்து உரையாற்றுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். பாடத்தைப் பற்றியும் இலக்கணத்தைப் பற்றியும் பேச வல்லவர் பலர் இங்கே உள்ளனர். ஆகவே நாம் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். முகாமுக்கு வரும் குழந்தைகள் ஒருவரோடொருவர் நட்புக் கொள்வதற்கு நாம் என்ன செய்தல் வேண்டும் என்பதே அப்பொருள்.

ஆங்கிலம் கற்பிக்கக் கூடிய இடத்தில் நட்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மொழி என்பது ஏட்டில் மட்டும் இருப்பதன்று. இருவருக்கு இடையே இருப்பது. கணக்கைத் தனியே இருந்து போட்டுப் பழகலாம். வரலாற்றைத் தனியே இருந்து படிக்கலாம். பேச்சை மட்டும் தனியே பழக இயலாது. பிழையாகப் பேசினாலும் நகைக்காமல் கேட்கும் ஒரு துணை வேண்டும். அத்துணை கிடைத்த பிள்ளை பத்து நாளில் வாய் திறக்கிறது. கிடைக்காத பிள்ளை பத்தாண்டு படித்தும் ஊமையாய் நிற்கிறது. அரசுப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றும் நாம் இதனைக் கண்கூடாகக் கண்டு வருகிறோம்.

நம் மக்களைப் பொறுத்தவரை இது வெறும் கற்பித்தல் முறை பற்றிய செய்தி அன்று. நம் கல்வி வரலாற்றின் தலைவாசலிலேயே இக்கேள்வி நிற்கிறது. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் தமது மாணவப் பருவத்தைக் குறிப்பிடுகிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். பிற மாணவரோடு பழகினால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும், வெளிப்பட்டால் இழிவாக நடத்துவர் என்று அவர் அஞ்சினார். அதனால் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார்.

இளைஞர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் ஆங்கிலம் கற்றார், நன்றாகவே கற்றார். 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடினார். அத்தகைய பெருமகனாருக்கு, பள்ளி நாட்களில் ஒரு தோழன் கிடைக்கவில்லை. தேடிக்கொள்ளவும் சமுதாயம் விடவில்லை. அவர் இழந்தது மதிப்பெண் அன்று, இளமை.

அண்ணல் அம்பேத்கர் கதையும் இதுவே. சதாராவில் படித்தபோது வகுப்பில் தனியே, தம் வீட்டிலிருந்து கொணர்ந்த கோணிச் சாக்கின்மீது அமர்ந்தார். பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்தால்தான் அவருக்குத் தண்ணீர். அதே அம்பேத்கர் 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே நவல் பத்தேனா என்னும் பார்சி மாணவர் அவருடைய அறைத்தோழரானார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. தம் வாழ்வின் சிறந்த நண்பர்களுள் கொலம்பியா வகுப்புத் தோழர்களும் அடங்குவர் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். சதாராவில் கிடைக்காதது கடல் கடந்த பின்னரே கிடைத்தது. நம் பிள்ளைகள் ஒரு தோழனைப் பெறுவதற்குக் கடல் கடக்க வேண்டியிருக்கலாமா? கடலோரத்திலேயே கிடைக்கச் செய்வதன்றோ நம் கடமை?

இனி நம் எண்ணூருக்கு வருவோம். முகாமுக்கு யார் யார் வருவர்? நம் சேரிப் பிள்ளைகள் வருவர். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் முதலான மீனவர் குப்பங்களிலிருந்து வருவர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட எர்ணாவூர்க் குடியிருப்பிலிருந்து வருவர். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் வழிவந்தோர் இருப்பர். துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஒப்பந்த வேலைக்கு வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பிள்ளைகளும் இருப்பர். அவர்களுக்குத் தமிழும் புதிது, ஆங்கிலமும் புதிது. ஒரே கடற்கரை, ஒரே ஆலைப் புகை; ஆனால் தெருக்கள் வேறு வேறு. ஒரு தெருப் பிள்ளை அடுத்த தெருப் பிள்ளையின் பெயரை அறியாது.

2023 டிசம்பரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த நள்ளிரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே மாதத்தில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். நச்சுக் காற்று தெருப் பார்த்து வீசவில்லை. துன்பத்தில் ஒன்றாய் நிற்கும் நாம், இன்பத்தில் ஒன்றாய் அமரப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்.

முகாமின் முதல் நாள் முதற்பாடம் என்னவாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தன்னைத்தான் அறிமுகம் செய்துகொள்ளும் பாடம். 'மை நேம் ஈஸ்' என்று தொடங்கி, 'மை ஃபாதர் ஈஸ்' என்று தந்தையின் தொழிலைச் சொல்லி, 'ஐ லிவ் இன்' என்று இருப்பிடத்தைச் சொல்வது வழக்கம். இப்பாடத்தில் தீது என்ன என்று தோன்றும். கூர்ந்து நோக்குங்கள். தந்தையின் தொழில், குடியிருக்கும் தெரு ஆகிய இரண்டையும் கேட்ட மாத்திரத்தில் சாதியைக் கணித்துவிடும் நாட்டில் நாம் வாழ்கிறோம். தாத்தா சீனிவாசன் எந்தக் கேள்விக்கு அஞ்சி வகுப்புக்கு வெளியே நின்றாரோ, அதே கேள்வியை முதற்பாடமாக வைத்துவிட்டு, பிள்ளை ஏன் வாய் திறக்கவில்லை என்று நாம் வியக்கிறோம்.

ஆகவே முதற்பாடத்தை மாற்றுங்கள். உனக்கு என்ன செய்யத் தெரியும், எந்த விளையாட்டுப் பிடிக்கும், எதைக் கற்க விரும்புகிறாய் என்று கேளுங்கள். 'ஐ கேன் ஸ்விம்' என்று ஒரு பிள்ளை சொல்லட்டும். 'ஐ கேன் டிரா' என்று மற்றொரு பிள்ளை சொல்லட்டும். நீந்தத் தெரிந்தவனைத் தேடி நீந்த விரும்புகிறவன் வருவான். தொழிலும் தெருவும் பிரிக்கும். ஆற்றலும் ஆசையும் சேர்க்கும்.

இதனால் நம் பிறப்பை மறைக்கச் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. மறைத்துப் பெறும் நட்பு, வெளிப்படும் நாளில் உடையும் என்ற அச்சத்தோடே வாழும். பழகிய பின்னர், தானே சொல்ல விரும்பும் நாளில், தலை நிமிர்ந்து பிள்ளை சொல்லட்டும். சொல்லும் வேளையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அப்பிள்ளைக்கே உரியது, ஆசிரியருக்கு உரியதன்று.

அடுத்து, பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் அமர்த்திவிட்டால் நட்புத் தானே வந்துவிடும் என்று நம்புதல் கூடாது. 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரீஃப் என்னும் உளவியலறிஞர் கோடை முகாம் ஒன்றில் ஓர் ஆய்வு நடத்தினார். ஏறத்தாழப் பதினொரு வயதுடைய 22 சிறுவர் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவுக்கும் இடையே போட்டிகள் வைத்தவுடன் பகை மூண்டது. ஒருவர் கொடியை மற்றவர் எரித்தனர். பின்னர் அவர்களை ஒன்றாக உண்ணவும் படம் பார்க்கவும் வைத்தார்கள். பகை தணியவில்லை. முகாமின் தண்ணீர் வழி தடைப்பட்டபோது எல்லாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. பழுதாகி நின்ற வண்டியை எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. ஒருவர் இன்றி மற்றவரால் ஆகாத வேலை வந்தபோதுதான் மனம் மாறிற்று. சிறுவரிடையே வேண்டுமென்றே பகையை மூட்டியது தகாது என்று அவ்வாய்வைப் பிற்காலத்தார் கண்டித்தனர்; அக்கண்டனம் நியாயமே. எனினும் அதன் படிப்பினை நமக்கு வேண்டும். தெருவுக்குத் தெரு அணி பிரித்துப் போட்டி வைக்காதீர்கள்.

1971இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முதலாக ஒன்றாக அமர்ந்தபோது பூசல் எழுந்தது. எலியட் ஆரன்சன் என்னும் பேராசிரியர் எளிய வழி ஒன்றைக் கண்டார். ஒரு பாடத்தைப் பல துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் பகுதியைப் பிறருக்குச் சொல்ல வேண்டும். எவரையும் ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் பாடம் நிறைவுறாது.

இதனை நாம் எண்ணூரில் செய்யலாம். கொசஸ்தலையாறு கடலோடு கூடும் முகத்துவாரத்தைப் பாடமாக வையுங்கள். இறால் பிடிப்பதைப் பற்றி ஒரு பிள்ளை, பக்கிங்காம் கால்வாயைப் பற்றி ஒரு பிள்ளை, அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றி ஒரு பிள்ளை, துறைமுகத்துச் சரக்கு லாரிகளைப் பற்றி ஒரு பிள்ளை எனப் பங்கிடுங்கள். ஆளுக்கு நான்கு ஆங்கில வாக்கியம் போதும். இறாலைப் பற்றி மீனவர் பிள்ளைக்குத் தெரிந்தது வேறெவருக்கும் தெரியாது. அறிவு எல்லாத் தெருவிலும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் சொல்லாமலே உணர்வர்.

முகாமில் கடைப்பிடிக்க வேண்டிய சில ஒழுங்குகளையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, பெயர். முதல் நாள் மாலைக்குள் தொண்டர் ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ள பிள்ளைகளின் பெயரை அறிந்திருத்தல் வேண்டும். பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை, அன்பினால் அழைப்பதாகச் சொன்னாலும், இடந்தரலாகாது.

இரண்டாவது, இருக்கை. வந்தவர் வந்த இடத்தில் அமர்ந்தால் ஒரு தெருவினர் ஒரே பக்கம் சேர்வர். நாளுக்கொரு துணையாக இருவர் இருவராய் மாற்றி அமர்த்துங்கள். கேரம் பலகை நல்ல கருவி. இருவர் அணியாய் ஆடுகையில் துணைவர் எதிரெதிரே அமர்வர். எண்ணையும் நிறத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி ஆடலாம். 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக்கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண் அல்லவா?

மூன்றாவது, உணவு. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவளித்ததை எதிர்த்துத் தந்தை பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடியதை நாடறியும். தனிப் பந்தியில் வளர்ந்தவர் பொது அவையில் கூடார். ஆகவே ஒரே சமையல், ஒரே வரிசை. தண்ணீர்க் குடமும் குவளையும் பொது. பரிமாறும் பொறுப்பு எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் முறைவைத்து வரட்டும், துடைப்பமும் அவ்வாறே. பெருக்கும் வேலை ஒரு தெருப் பிள்ளைகளிடமே போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நான்காவது, தமிழ். முகாமில் தமிழ் பேசினால் அபராதம் என்று எழுதி ஒட்டும் வழக்கத்தைப் பல இடங்களில் காண்கிறோம். நம் முகாமில் அது வேண்டா. நட்பு பிறப்பது தாய்மொழியில்; அந்நட்பின் துணையால் வளர்வது ஆங்கிலம். அதே வேளையில் ஆங்கிலத்தில் ஒரு நன்மை உண்டு. நீ, நீர், நீங்கள் என்ற ஏற்றத்தாழ்வு அதில் இல்லை. எல்லாருக்கும் ஒரே 'யூ'. முதிர்ந்த வயதிலும் ஒருமையில் அழைக்கப்பட்ட பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள், எதிரே நிற்கும் எவரையும் சமமாய் அழைத்துப் பழகட்டும். வடநாட்டுப் பிள்ளையும் நம் பிள்ளையும் சந்திக்கும் பொதுத் திண்ணையாகவும் அம்மொழி அமையட்டும்.

ஐந்தாவது, ஒதுங்கி நிற்கும் பிள்ளை. அதனை மேடையேற்றி வலிந்து பேசவைக்காதீர்கள். சாக்பீஸ் எடுத்துத் தரவும், புத்தகம் அடுக்கவும் வேறொரு பிள்ளையோடு சேர்த்து ஒரு சிறு வேலை கொடுங்கள். பேசுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் பேச்சு வரும்.

ஆறாவது, இழிசொல். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைச் சாதி சொல்லிப் பழித்தால், சிறுபிள்ளைத்தனம் என்று விட்டுவிடலாகாது. அந்தக் கணமே தடுத்தல் வேண்டும். பழிக்கப்பட்ட பிள்ளையை எல்லார் முன்னும் நிறுத்தி விசாரிக்கவும் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். பள்ளியில் தொடங்கிய பகை அரிவாள்வரை சென்றது. அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும், மாணவரை அகரவரிசையில் அமர்த்தவும் பரிந்துரைத்தது. பள்ளி இருக்கையில் ஒரு நீதியரசர் கருத்தைச் செலுத்துகிறார் என்றால், அருகருகே அமர்வது எத்துணைப் பெரிய செய்தி என்று உணருங்கள்.

திருவள்ளுவப் பெருந்தகை நட்பு தொடங்கிக் கூடாநட்பு வரை ஐந்து அதிகாரங்களை நட்புக்கென்றே வகுத்தார். நட்பு ஆராய்ந்து கொள்ள வேண்டியது என்பதும் அதில் அடங்கும். ஆகவே எல்லாரும் எல்லாருக்கும் நண்பராக வேண்டும் என்று நாம் வற்புறுத்த வேண்டா. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் தெருவுக்கு வெளியே ஒரு தோழனோ தோழியோ கிடைத்தால் போதும். அதுவே முகாமின் வெற்றி.

முகாம் முடிந்த பின்னரும் அந்நட்பு வாழ இடம் வேண்டும். நம் கழக நூலகத்தை ஞாயிறுதோறும் மாலையில் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்து வையுங்கள். இரண்டு கேரம் பலகையும், சில எளிய ஆங்கிலக் கதைநூல்களும், பொறுப்பான ஓர் அண்ணனும் ஓர் அக்காளும் இருந்தால் போதும். பெண் பிள்ளைகள் பொழுது சாயுமுன் வீடு சேரத் துணை ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர் அப்போதுதான் அனுப்புவர்.

நம் முன்னோர் பள்ளிக்குள் நுழைவதற்குப் போராடினர். நாம் நுழைந்துவிட்டோம். நுழைந்த பிள்ளை மணி அடிக்கும்வரை வெளியே நிற்காமல், மணி அடித்ததும் ஓடிவிடாமல், தோழரோடு உள்ளே சென்று தோழரோடு வெளியே வருமாறு செய்வது இந்தத் தலைமுறையின் வேலை. அவ்வேலையை இளைஞர்களாகிய உங்கள் கைகளில் ஒப்படைக்கிறோம். செய்து முடிப்பீர்கள் என்னும் நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.