கடல் சூடும் கஜா புயலும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



"அவிநாசியில கடலே இல்லை, நமக்கு எதுக்குங்க புயல் பாடம்?" என்று நீங்கள் கேட்கலாம். நம்ம லைன் வீடுகளில் நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவங்க பெத்தவங்க இன்னும் ஊரில்தான் இருக்காங்க. அதனால் இதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் சுரீர்னு சுடுதுங்களே, ஏன்? ஆவி மறுபடி தண்ணீராக மாறும்போது, தனக்குள் இருந்த சூட்டை வெளியே விடுகிறது. புயலுக்கு இந்தச் சூடுதான் விறகு.

கடல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால் ஆவி நிறைய எழும்புகிறது. அது மேலே போய் மேகமாகும்போது சூட்டை விடுகிறது. சூடான காற்று இன்னும் மேலே ஏறுகிறது. கீழே காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நோக்கி நாலா பக்கமிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுற்றுவதால் அந்தக் காற்று வளைந்து சுழல்கிறது. வேகமான காற்று இன்னும் அதிக ஆவியைக் கிளப்புகிறது. கந்துவட்டி மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுதுங்க!

எவ்வளவு சீக்கிரம் ஏறும்? 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் கரை திரும்பவே இல்லை. அதனால் "தாழ்வு மண்டலம்தானே" என்று யாரும் அசட்டையாக இருக்கக்கூடாது.

அடுத்தது, புயலின் கண். பலத்த புயலின் நடுவில் காற்று அடங்கி அமைதியாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள மேகச் சுவரில்தான் கடுமையான காற்று. கண் ஓர் ஊரைக் கடக்கும்போது புயல் போய்விட்டது போலத் தெரியும். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து மறுபடி அடிக்கும். ஓட்டைப் பார்க்கவும் மாட்டைப் பார்க்கவும் வெளியே வந்தவர்கள் அப்போது மாட்டிக்கொள்வார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்தது. தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நிலத்துக்குள் வந்ததும் கடல் சூடு கிடைக்காததால் புயல் வலுவிழக்கும். ஆனால் மழை உள்மாவட்டம் வரைக்கும் வரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் வருகிற காலம். பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போன் பேசும்போது மூன்று விஷயம் சொல்லச் சொல்லுங்க:

1. முகாமுக்கு வரச் சொன்னால் உடனே கிளம்பணும்.
2. பாஸ்புக், ரேஷன் கார்டு, பட்டாவை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு எடுக்கணும்.
3. காற்று திடீரென நின்றாலும், அறிவிப்பு வரும்வரை வெளியே வரக்கூடாது.

உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்க.